டிராக்டரின் புகை வடிகட்டி: அதன் கோளாறுகளை அறியும் விதம்

டீஸல் டிராக்டரின் கோளாறுகளிற் பெரும்பாலானவற்றை நம் ஓட்டிகள் கண்ணாலும் மூக்காலுமே அறிந்துவிடுவார்கள். கரும்புகை வந்தால் இஞ்சினுக்குக் காற்று போதவில்லை, அல்லது நாஸில் கெட்டுவிட்டது. நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. சூடேறிய பின்பும் வெண்புகை நிற்கவில்லையென்றால் டீஸல் சரிவர எரியவில்லை, அல்லது ரேடியேட்டர் ஜலம் உள்ளே கசிகிறது. இவ்வாறு புகையைப் பார்த்து நோயைச் சொல்லும் வழக்கம் நம் கிராமங்களில் தந்தை மகனுக்குக் கற்பித்து வந்த ஒன்று. ஆனால், 2023-ம் வருஷம் ஜனவரி மாதம் 1-ந் தேதிக்குப் பின் உற்பத்தியான, 50 குதிரைச் சக்திக்கு மேற்பட்ட டிராக்டர்களில் பல இவ்வழக்கத்தைப் பயனற்றதாக்கிவிட்டன. அவற்றின் புகைபோக்கியில் புகையே கண்ணுக்குத் தெரிவதில்லை. இடையே உள்ள ஒரு வடிகட்டி அதை விழுங்கிவிடுகிறது. புகை தெரியாத யந்திரத்தின் நோயை எவ்வாறு கண்டுகொள்வது என்பதே இவ்வியாசத்தின் விஷயம்.

மேற்சொன்ன தேதியில் அமுலுக்கு வந்த விதிகளை டிரெம் நான்காம் நிலை என்று கூறுவர். அதற்கு முன்னிருந்த விதிப்படி, 50 முதல் 75 குதிரைச் சக்தி வரையிலுள்ள இஞ்சின் ஒரு கிலோவாட்-மணி வேலைக்கு 0.4 கிராம் வரை நுண்துகள்களை வெளிவிடலாம் என்றிருந்தது. புதிய விதி அதை 0.025 கிராமாகக் குறைத்தது. அதாவது பழைய அளவில் பதினாறில் ஒரு பங்கு. சில கம்பெனியார் எரிப்பு முறையைத் திருத்தியும், வினையூக்கி மாத்திரம் வைத்தும் இந்த அளவுக்குள் அடக்கியிருக்கின்றனர். வேறு பலர் வடிகட்டியையே வைத்திருக்கின்றனர். ஆகையால் டிராக்டர் வைத்திருப்போர் முதலில் தம்முடையதில் எது உள்ளது என்று கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். டி.பி.எப். என்ற மூன்றெழுத்துக் கையேட்டில் காணப்பட்டால் வடிகட்டி உண்டு. 50 குதிரைச் சக்திக்குக் குறைந்தவை அந்த 2023-ம் வருஷத்து விதிக்கு உட்பட்டவையல்ல.

நான் டிப்ளமா படித்த காலத்தில் புகைபோக்கி என்பது ஓர் ஓட்டைக் குழாயும் ஒரு ஸைலென்ஸரும்தான். பாடப்புத்தகத்தில் அதற்கு அரைப்பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். இங்கே எழுதுவதை நான் பின்னர் யந்திரங்களோடு பழகியும், சில இடங்களில் தவறு செய்தும் தெரிந்துகொண்டேன்.

வடிகட்டியின் அமைப்பு

வடிகட்டி என்றதும், காற்று வடிகட்டியைப்போல் கழற்றித் தட்டிவிட்டு மாட்டக்கூடிய பொருள் என்று எண்ணிவிடலாகாது. இது பீங்கான் போன்ற கெட்டிப் பொருளாற் செய்த உருளை. தேன்கூட்டைப்போல் மெல்லிய குழல்கள் நெருக்கமாக அதனுள் ஓடுகின்றன. ஒரு குழலின் முன்வாய் திறந்திருந்தால் அதன் பின்வாய் அடைபட்டிருக்கும். பக்கத்துக் குழலுக்கு முன்வாய் அடைப்பு, பின்வாய் திறப்பு. ஆகவே உட்புகுந்த கழிவுப்புகை, குழலின் சுவரிலுள்ள நுண்துளைகளின் வழியாகக் கசிந்து பக்கத்துக் குழலை அடைந்தே வெளியேற முடியும். வாயு போய்விடும், புகைக்கரி சுவரில் தங்கிவிடும். வீட்டிற் காப்பி வடிகட்டும் துணிக்கும் இதற்கும் தத்துவத்தில் வேற்றுமையில்லை. வடிகட்டிக்கு முன்னால், பிளாட்டினம் போன்ற உலோகங்கள் பூசிய வினையூக்கி ஒன்றும் இருக்கும்.

ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள வடிகட்டி சில கிராம் கரியைத்தான் தாங்கும். முழு வடிகட்டிக்கும் கணக்கிட்டால் இரண்டொரு கரண்டிக் கரியே வரும். அவ்வளவு சேர்ந்ததும் துணி அடைத்துக்கொண்டதுபோலாகி, புகை வெளியேற வழியின்றி இஞ்சினைப் பின்னோக்கி அழுத்தும். ஆகவே சேர்ந்த கரியை அவ்வப்போது எரித்து வாயுவாக்கி வெளியேற்ற வேண்டும். இதைக் கம்பெனியார் ரீஜெனரேஷன் என்பர். நாம் கரியெரிப்பு என்போம்.

கரியெரிப்பு இரண்டு வகை. கனமான வேலையில் இஞ்சின் ஈடுபட்டிருக்கையில் கழிவுப்புகையின் உஷ்ணம் 250 முதல் 400 டிகிரி ஸெல்ஸியஸ் வரையிலோ, அதற்கு மேலோ இருக்கும். அப்போது வினையூக்கியின் உதவியால் கரி தானாகவே மெல்ல மெல்ல எரிந்துபோகும்; ஓட்டிக்கு அது தெரியவும் தெரியாது. இவ்வாறு எரிந்தது போதாவிட்டால், இஞ்சினின் கணினி கூடுதலாகச் சிறிது டீஸலைச் செலுத்தி வடிகட்டியின் உஷ்ணத்தை ஏறக்குறைய 600 டிகிரிக்கு உயர்த்தி, கரியை வேகமாக எரிக்கும். இந்த இரண்டாவது வகை வேலையின் நடுவிலேயே நடைபெறலாம். சில சமயங்களில் வண்டியை நிறுத்திவைத்து, பொத்தானை அழுத்தி நடத்தவேண்டியும் வரும். 20 முதல் 40 நிமிஷம் வரையில் பிடிக்கும். அவ்வேளையில் இஞ்சினின் சப்தம் சற்று மாறும். வேகம் தானே ஏறும். காற்று விசிறியின் இரைச்சல் கூடும். புகைபோக்கியிலிருந்து அனல் வீசும். இவை கோளாறல்ல. இதைக் கோளாறென்று பயந்து சாவியைத் திருகி நிறுத்துவதுதான் கோளாறுக்கு ஆரம்பம்.

மணிக்கணக்கே முதற் குறி

கரியெரிப்பு எத்தனை மணி நேர வேலைக்கு ஒரு முறை வருகிறது என்று கவனிப்பதைக் காட்டிலும் மேலான சோதனை இவ்விஷயத்தில் இல்லை. இதற்குக் கருவி ஒன்றும் வேண்டுவதில்லை. டாஷ்போர்டிலுள்ள மணிகாட்டியும், ஓட்டியின் சட்டைப்பையில் ஒரு சிறு நோட்டும், ஒரு பென்ஸிலும் போதும். கரியெரிப்பு விளக்கு எரியுந்தோறும் மணிகாட்டியின் எண்ணைக் குறித்துவைக்க வேண்டியது. எத்தனை மணிக்கு ஒரு முறை என்பது டிராக்டருக்கு டிராக்டரும், வேலைக்கு வேலையும் வேறுபடும். ஆகையால் பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. தன்னுடைய பழைய எண்ணோடு ஒப்பிட வேண்டும். உதாரணமாக, ஒரே வகை வேலையில் 40, 38, 41 என்று வந்துகொண்டிருந்த இடைவெளி 29 ஆகி, 18 ஆகி, 9 ஆகிறதென்றால், விளக்குகள் ஒன்றும் எச்சரிக்காவிட்டாலும் யந்திரம் நோயுற்றுவிட்டது என்று நிச்சயமாய்க் கூறலாம். இஞ்சின் முன்னைவிட அதிகக் கரியை உண்டாக்குகிறது, அல்லது எரிப்பு முழுமையாக நடைபெறவில்லை, அல்லது எரியாத பொருள் ஒன்று வடிகட்டியில் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இம்மூன்றில் ஒன்றாகவே இருக்கும்.

மணிக்கணக்குக்கு அடுத்தபடி டீஸல் செலவும் இழுவையும். அதே நிலத்தில், அதே ரோட்டவேட்டரைப் பூட்டி, அதே கியரில் ஓட்டும்போது இஞ்சின் மூச்சுத் திணறுவதுபோல் தோன்றி, ஏக்கருக்கு ஆகும் டீஸல் கூடினால் பின்னழுத்தத்தைச் சந்தேகிக்கலாம். டர்போவும் ரேடியேட்டரும் வழக்கத்துக்கு மேல் சூடாவதும் உடன் நிகழலாம்.

விளக்குகளைப்பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. புள்ளிகள் நிறைந்த பெட்டியொன்றும் அதனூடே செல்லும் அம்பும் வடிகட்டியைக் குறிக்கும். நிலையாக எரிந்தால் கரி சேர்ந்துவிட்டது. மினுக்கினால் இனித் தாமதிக்கலாகாது. அதனோடு இஞ்சின் விளக்கோ சிவப்பு விளக்கோ சேர்ந்தால் கணினி சக்தியைக் குறைத்துவிடும், வண்டியை ஒர்க்ஷாப்பார் கையிலேயே ஒப்படைக்க வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி சிறிது மாறுபடுமாதலால், அப்பக்கத்தைக் கையேட்டிலிருந்து படமெடுத்து ஓட்டியின் டெலிபோனில் வைத்துவிடுவது உசிதம். வண்டி வரப்பிலும் கையேடு பெட்டியிலும் இருப்பதே நம் வழக்கம்.

என் சொந்தப் பிழை ஒன்று

சம்பா அறுவடை முடிந்த தருணத்தில், வைக்கோல் கட்டும் யந்திரத்தைக் கிராமத்தாருக்கு ஓட்டிக் காட்டும் பொறுப்பு ஒருமுறை என்னிடம் இருந்தது. 55 குதிரைச் சக்தி டிராக்டர். முதல் நாள் காலையில் கரியெரிப்பு ஆரம்பிக்கும் அறிகுறி தெரிந்ததும், காய்ந்த வைக்கோலின் நடுவே 600 டிகிரி உஷ்ணம் ஏறுவது ஆபத்தென்று கருதி, எரிப்பைத் தடுத்துவைக்கும் பொத்தானை அழுத்தும்படி ஓட்டியிடம் சொன்னேன். அது சரியான காரியமே. பிறகு கூட்டம் சேர்ந்தது, கேள்விகள் கேட்டார்கள், நான் பொத்தானை மறந்தேன்.

இரண்டாம் நாள் புள்ளிப்பெட்டி விளக்கு நிலையாக எரிந்தது. மூன்றாம் நாள் முற்பகல், கட்டு ஒன்று பாதி வெளிவந்த நிலையில், இஞ்சின் சக்தி குன்றிப் போய், கட்டும் யந்திரத்தைச் சுழற்ற மாட்டாமல் நின்றது. நாற்பது விவசாயிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "யந்திரத்தை நம்பி வைக்கோலைக் களத்தில் விடச் சொல்கிறீர்களே, ஐயா, ராத்திரி மழை பெய்தால் என்ன செய்வது?" என்று ஒரு பெரியவர் கேட்டதற்கு என்னிடம் பதிலில்லை. ஓட்டியோ, "ஐயா, அந்த விளக்கு நேற்றே எரிந்தது, தாங்கள் தடுத்து வைக்கச் சொன்னதால் நான் தொடவில்லை" என்றான். அவன்மேல் பிழை கூற ஏதுமில்லை.

வண்டியை மெல்ல ஓட்டி, வைக்கோலும் சருகும் இல்லாத ஒரு கட்டாந்தரையில் நிறுத்தி, தடையை நீக்கி, நிறுத்திவைத்துச் செய்யும் கரியெரிப்பைத் தொடங்கினோம். நாற்பது நிமிஷத்துக்குச் சற்று மேலாயிற்று. சக்தி திரும்பிவிட்டது. இன்னும் ஒரு நாள் அப்படியே ஓட்டியிருந்தால் அந்தப் பொத்தானும் பயன்பட்டிராது. கரி அளவுக்கு மேல் சேர்ந்துவிட்டால் கணினி தானே எரிப்பை மறுத்துவிடும். ஏனெனில் மிகுதியான கரி ஒரே சமயத்தில் தீப்பற்றினால் உஷ்ணம் கட்டுக்கடங்காமல் ஏறிப் பீங்கான் விரிசல் கண்டுவிடும்.

அன்று முதல் நான் கையாளும் முறை இது. தடைப் பொத்தானை அழுத்த நேர்ந்தால், ஸ்டியரிங்கில் ஒரு துணித்துண்டைக் கட்டச் சொல்கிறேன். பொத்தானை எடுத்த பிறகே துணியை அவிழ்ப்பது. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

தீயைப்பற்றிச் சொன்னதற்குத் தொடர்ச்சியாக இதையும் கூறிவிடுகிறேன். வைக்கோற்போர், கரும்புச் சோகை, உளுந்துக் கொடி, தென்னங்கீற்றுக் கொட்டகை இவற்றுக்கருகில் வண்டியை நிறுத்திக் கரியெரிப்பு நடத்தலாகாது. புகைபோக்கியின் அருகிலும் வடிகட்டியின் கவசத்தின் மேலும் படிந்திருக்கும் உமித்தூசியையும் வைக்கோல் துணுக்குகளையும் முன்னதாகவே துடைத்துவிட வேண்டும். கதவு சாத்திய கொட்டகைக்குள் நடத்துவதும் கூடாது. வெளிவரும் வாயு மூச்சை முட்டும்.

வடிகட்டி அடைந்தது ஏன்?

நிற்க. வடிகட்டி அடிக்கடி அடைகிறது என்று ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோனால், "வடிகட்டி போய்விட்டது, புதிது மாட்ட வேண்டும்" என்ற பதில் பல சமயங்களில் கிடைக்கும். இதை உடனே ஒப்புக்கொள்ளலாகாது. வடிகட்டி தானாகக் கரியை உண்டாக்குவதில்லை. இஞ்சின் அனுப்புவதைத்தான் வாங்கி வைத்துக்கொள்கிறது. வீட்டுச் சாக்கடை நிரம்பி வழிந்தால் சாக்கடையை மாற்றுவதற்கு முன் எந்தக் குழாய் ஒழுகுகிறதென்று பார்ப்பதுதானே முறை!

எனக்கு அறிமுகமான ஒரு நிலச்சுவான்தாரின் டிராக்டர், குறுவைச் சேற்றுழவின்போது இரண்டு முறை சேற்றிலேயே நின்றது. முதல் முறை நின்றபோது ஓர் ஒர்க்ஷாப்பில் புது வடிகட்டி மாட்டினார்கள். அந்தப் போகத்தில் அவர் மிச்சம் பிடிக்க எண்ணியிருந்த பணம் அவ்வளவும் அதற்குச் சென்றது. ஆறு வாரத்தில் மறுபடியும் அதே விளக்கு, அதே மூச்சுத்திணறல். நாற்றுப் பறித்தாகிவிட்டது, ஆட்கள் கரையில் நிற்கிறார்கள், முறைத் தண்ணீரோ மறுநாள் மாலையோடு நின்றுவிடும். வாடகைக்கு வேறு வண்டி தேடி அலைந்தார்.

அதன் பின்னரே நிதானமாகத் தேடிப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குக் காற்றைக் கொண்டுபோகும் ரப்பர்க் குழாயின் அடிப்பக்கத்தில் ஒரு விரல் நீளம் வெடிப்பு இருந்தது. இஞ்சின் சும்மா ஓடுகையில் வாய் மூடிக்கொள்ளும். பாரம் ஏறியதும் திறந்து காற்றை வெளிவிடும். காற்றுக் குறைந்ததால் டீஸல் அரைகுறையாக எரிந்து கரி பெருகியது. பாரம் ஏறும்போது மெல்லிய சீழ்க்கைச் சப்தம் கேட்டதாக ஓட்டி முன்னரே சொல்லியிருந்தான். அதை யாரும் பொருட்படுத்தவில்லை. பழைய டிராக்டராயிருந்தால் அந்த வெடிப்பு ஏற்பட்ட அன்றே புகைபோக்கியில் கரும்புகை கிளம்பி ஊரே பார்த்திருக்கும். இதிலோ வடிகட்டி அந்தப் புகையை மறைத்துவைத்து, தன் வயிறு நிரம்பிய பிறகே வெளியிட்டது. குழாயின் விலை வடிகட்டியின் விலைக்கு முன் ஒன்றுமில்லை.

ஆகவே தேடும் வரிசை காற்றில் தொடங்க வேண்டும். காற்று வடிகட்டி தூசியால் அடைந்திருக்கிறதா, குழாய்களின் மூட்டுக்களில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க. பிசுக்குள்ள இடம் கசியும் இடம். பிறகு டீஸல். 2020-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 1-ந் தேதி முதல் நம் நாட்டில் விற்கும் டீஸலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்பது விதி. வடிகட்டியும் வினையூக்கியும் இந்தச் சுத்தமான டீஸலையே நம்பி அமைக்கப்பட்டவை. மண்ணெண்ணெய் கலந்த டீஸலும், டிரம்மில் நெடுநாள் கிடந்து நீர் சேர்ந்த டீஸலும் நாஸில்களைக் கெடுக்கும். நாஸில் சொட்டினால் கரி பெருகும். கழிவுப்புகையில் ஒரு பகுதியை மீண்டும் இஞ்சினுக்கு அனுப்பும் வால்வு ஒன்று உண்டு. அது கரி படிந்து திறந்தபடியே நின்றுவிட்டாலும் அதே பலன். இது ஒர்க்ஷாப்பாரின் கருவி கொண்டே தெரியும்.

டர்போவின் அடைப்பான் தேய்ந்தால் இஞ்சின் ஆயில் வடிகட்டிக்குள் ஒழுகும். ஆயில் அளவு குறைந்துகொண்டே வரும். வெளியில் ஓரிடத்திலும் சொட்டு தெரியாது. நீலப்புகையும் அதிகம் தெரியாது. இதற்கு நேர்மாறான குறி ஒன்றும் உண்டு, அதை விசேஷமாகக் கவனிக்க வேண்டும். கரியெரிப்புக்காகச் செலுத்தும் கூடுதல் டீஸலைச் சில இஞ்சின்கள் சிலிண்டருக்குள்ளேயே விடுகின்றன. எரிப்பை அடிக்கடி பாதியில் நிறுத்தினால் அந்த டீஸல் சுவரில் வழிந்து ஆயிலோடு கலந்துவிடும். காலையில் அளவுக் குச்சியை எடுத்துப் பார்க்கையில் ஆயில் முந்திய வாரத்தைவிட ஏறியிருந்து, டீஸல் வாசனையும் அடித்தால், இஞ்சினைக் கிளப்பவே கூடாது. ஆயில் நீர்த்துவிட்டதால் பேரிங்குகள் தேய்ந்துபோகும். ஆயில் குறையவில்லை என்று சந்தோஷப்படுபவர்களை நான் கண்டிருக்கிறேன்!

யந்திரத்தில் ஒரு குற்றமும் இல்லாமலே வடிகட்டி அடைவதும் உண்டு. அதற்குக் காரணம் நம் வழக்கங்களே. சும்மா ஓடும் இஞ்சினின் கழிவுப்புகை 200 டிகிரியைக்கூடத் தொடாது. அந்த உஷ்ணத்தில் கரி தானாக எரியாது. டீக்கடை வாயிலில் இஞ்சினை ஓடவிட்டுப் பேசிக்கொண்டிருப்பதும், 60 குதிரைச் சக்தி வண்டியில் ஒரு சிறு மருந்து தெளிக்கும் கருவியை மாட்டி நாள் முழுவதும் மெதுவாக ஓட்டுவதும், நான்கு மூட்டை உரம் கொண்டுவர டிரெயிலரோடு அனுப்புவதும் வடிகட்டிக்குப் பகை. பெரிய வண்டிக்குப் பெரிய வேலை கொடுக்க வேண்டும். லேசான வேலையே தொடர்ந்து வரும் நாட்களில், இடையிடையே அரைமணி முக்கால்மணி நேரம் கனமான உழவில் ஈடுபடுத்தினால் கரி தானே எரிய வாய்ப்புண்டு.

இன்னொன்று: வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தத்தை அளக்கும் ஸென்ஸர் ஒன்றுண்டு. இரண்டு மெல்லிய குழாய்கள் அதோடு இணைந்திருக்கும். எலி கடித்தோ, சூட்டில் வெடித்தோ, கரி அடைத்தோ அக்குழாய்கள் கெட்டால், காலியான வடிகட்டியும் நிரம்பியதாகவும், நிரம்பியது காலியாகவும் கணினிக்குத் தோன்றும். கரியெரிப்பு முடிந்த மறு மணியிலேயே விளக்கு எரிந்தால் முதலில் அக்குழாய்களைப் பார்க்கச் சொல்லவும்.

கரி வேறு, சாம்பல் வேறு

கரியை எரிக்கலாம், சாம்பலை எரிக்க முடியாது. இஞ்சின் ஆயிலில் சேர்க்கும் கால்சியம், துத்தநாகம் முதலிய சரக்குகள், ஆயில் சிறிது சிறிதாக எரியும்போது சாம்பலாகி வடிகட்டியின் குழல்களில் கடைசிவரை தங்கிவிடும். சில ஆயிரம் மணி நேர வேலைக்குப் பின் அதைக் கழற்றிச் சுத்தம் செய்தே ஆகவேண்டும், மணிக்கணக்கு கையேட்டிலிருக்கும். கரியெரிப்பை முழுமையாக நடத்தியும் இடைவெளி பழைய நிலைக்கு வராமல், வருஷக் கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்து வருமாயின் அது சாம்பல். சில வாரங்களுக்குள் திடீரெனக் குறைந்தால் அது கரி. காரணம் இஞ்சினில் உள்ளது. இவ்வித்தியாசம் ஓட்டியின் நோட்டைப் பார்த்தால்தான் தெரியும்.

சாம்பலைக் குறைக்கும் ஆயிலுக்கு ஏ.பி.ஐ. ஸி.ஜே.-4, ஸி.கே.-4 என்னும் குறிகள் டப்பாவில் இருக்கும். அவற்றில் சாம்பல் நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேற்படாது. கம்பெனியார் எக்குறியைக் கேட்கிறார்களோ அதையே ஊற்ற வேண்டும். பழைய டிராக்டரும் புதியதும் ஒரே வீட்டிலிருந்தால், பழையதற்காக வாங்கிய டிரம்மிலிருந்தே இரண்டுக்கும் ஊற்றிவிடுவது சாதாரணமாக நடப்பது. டிரம்மின் மேல் வண்டியின் பெயரைப் பெயின்டில் எழுதிவிட்டால் இத்தவறு நேராது.

வடிகட்டியைக் கழற்றி மோட்டார் பம்பின் தண்ணீரைப் பாய்ச்சிக் கழுவுவது சில இடங்களில் பரவி வருகிறது. இது பெரும் தவறு. வேகமான நீர் பூச்சைப் பெயர்த்துவிடும். சாம்பல் சேறாகிக் குழலின் கடைசியில் இறுகிவிடும். வசதியுள்ள ஒர்க்ஷாப்பில் அடுப்பிலிட்டுக் கரியை எரித்து, பின்பக்கத்திலிருந்து காற்றைச் செலுத்திச் சாம்பலை வெளியேற்றி, முன்னும் பின்னும் எடைபோட்டுக் காட்டுவார்கள். எடை குறைந்திருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க நமக்கு உரிமையுண்டு. அச்சாம்பலை மூச்சில் இழுக்கலாகாது.

யூரியாக் கரைசல் ஊற்றும் தனித் தொட்டி சில பெரிய வண்டிகளில் உண்டு. அது வடிகட்டியைச் சேர்ந்ததன்று. ஆயினும் ஒரு வார்த்தை: வயலுக்கிடும் யூரியாவைக் கரைத்து அதில் ஊற்றினால் நாசம். 2015-ம் வருஷம் முதல் நம் வயல் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே வருகிறது என்பதை அறிவீர்கள்.

வடிகட்டியை எடுத்துவிடுவது பற்றி

"உள்ளிருக்கும் பீங்கானை உடைத்தெறிந்துவிட்டால் தொல்லை தீர்ந்தது" என்று சொல்லுபவர்களும், அதைச் செய்துகொடுக்கும் பட்டறைகளும் இல்லாமலில்லை. உழவு நின்றுபோன மனிதருக்கு இந்த யோசனை இனிமையாகவே இருக்கும். அவரைக் குறைகூற எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் வண்டியைக் கம்பெனி அமைத்த நிலையிலிருந்து மாற்றுவதையும், புகை விதியை மீறி ஓட்டுவதையும் தடுக்கிறது; வாரண்டியும் போய்விடும். அதைவிட நான் பெரிதாக நினைப்பது ஓட்டியின் நெஞ்சை. டீஸல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தார் 2012-ம் வருஷம் ஜூன் மாதத்தில் திட்டமாகக் கூறிவிட்டனர். நம் டிராக்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு மூடிய அறையில்லை. எதிர்க்காற்றில் புகை ஓட்டியின் முகத்திலேயே அடிக்கிறது. அன்றியும், வெடித்த ரப்பர்க் குழாயும் சொட்டும் நாஸிலும் பீங்கானை உடைத்தெறிந்த பிறகும் அப்படியேதான் இருக்கும்.

கூட்டுறவு சங்கங்களிலும் வாடகை மையங்களிலும் டிராக்டர் பொறுப்பிலிருப்போர், வண்டியின் தினசரிப் பதிவேட்டில் டீஸல், மணி என்ற பத்திகளுக்குப் பக்கத்தில் கரியெரிப்புக்கு ஒரு பத்தி சேர்க்கலாம்: தொடங்கிய மணி, முடிந்ததா இல்லையா. பல ஓட்டிகள் மாறி மாறி ஓட்டும் வண்டியில், ஒருவர் பாதியில் நிறுத்தியது அடுத்தவருக்குத் தெரிய வேறு வழியில்லை.

பழைய வண்டி வாங்குவோருக்கு ஒரு சோதனை. வடிகட்டி உள்ளதாகச் சொல்லப்படும் டிராக்டரின் இஞ்சின் நன்றாக ஆறியபின், வெள்ளைத் துணியொன்றை விரலிற் சுற்றிப் புகைபோக்கியின் உட்புறத்தில் தேய்த்துப் பார்க்கவும். வடிகட்டி நலமாயிருந்தால் துணியில் அநேகமாகக் கறையே இராது. மை போன்ற கரி ஒட்டிக்கொண்டால் பீங்கான் விரிசல் கண்டிருக்கிறது, அல்லது உள்ளே பீங்கானே இல்லை. விலை பேசுவதற்கு முன் அதைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும்.